விகிதசமக் கணக்கு: பெருக்குவதற்கு முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

நான்கு தம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு தம்ளர் உளுந்து. ஆறு தம்ளர் அரிசி ஊற வைத்தால் உளுந்து எவ்வளவு போட வேண்டும்?

இந்தக் கேள்விக்கு 'மூன்று தம்ளர்' என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. அரிசியில் இரண்டு கூடியது, ஆகவே உளுந்திலும் இரண்டைக் கூட்டிவிட்டார்கள். கூட்டலில் பிழையே இல்லை, கூட்டியதுதான் பிழை. அந்த மாவில் தேவையைப் போல் இரண்டு மடங்கு உளுந்து இருக்கும், இட்லி சப்பையாகப் படுத்துவிடும். சரியான விடை ஒன்றரைத் தம்ளர். அரிசி ஒன்றரை மடங்கானது, உளுந்தும் ஒன்றரை மடங்காக வேண்டும்.

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை விகிதம், விகிதசமம், நேர்மாறல், எதிர்மாறல் என்று வெவ்வேறு பெயர்களில் வரும் பாடங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்த ஒரு வேறுபாடுதான்: எவ்வளவு கூடியது என்று பார்ப்பதா, எத்தனை மடங்கானது என்று பார்ப்பதா? இது பிடிபடாத பிள்ளைக்குக் குறுக்குப் பெருக்கலைக் கற்றுக்கொடுத்தால், அந்தப் பாடம் நடக்கும் வாரம் மட்டும் கணக்கு சரியாக வரும். அடுத்த பாடத்துக்குப் போனதும் பழையபடி கூட்ட ஆரம்பித்துவிடும்.

மடங்கு என்பதைக் கண்ணால் காட்ட நம் தேசியக் கொடி நல்ல கருவி. அதன் நீள அகல விகிதம் 3 : 2. மேசையில் வைக்கும் சிறிய கொடியின் அளவு 150 × 100 மி.மீ. கொடி விதிகளில் உள்ள மிகப் பெரிய அளவு 6300 × 4200 மி.மீ. சிறிய கொடியில் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள வித்தியாசம் 50 மி.மீ. பெரியதில் அதுவே 2100 மி.மீ. வித்தியாசம் எங்கோ போய்விட்டது, ஆனால் நீளத்தை அகலத்தால் வகுத்தால் இரண்டிலும் 1.5 வருகிறது. பெரிய கொடிக்கும் வித்தியாசம் 50 மி.மீ.தான் என்று வைத்து 4250 × 4200 அளவில் வெட்டினால் அது ஏறக்குறைய சதுரமாகிவிடும். இதைத் தாளில் வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். 15 செ.மீ. × 10 செ.மீ. செவ்வகம் ஒன்று, பக்கத்திலேயே 25 × 20 ஒன்று, 30 × 20 ஒன்று. முதல் செவ்வகத்தின் பெரிய படம் எது என்று கேட்டால் பிள்ளை தானாகவே 30 × 20-ஐக் காட்டும். காட்டிய பிறகு 'ஏன்' என்று கேளுங்கள்.

விகிதம் எழுதும்போதே நடக்கும் மூன்று பிழைகள்

கணக்கு தப்புவது பெரும்பாலும் கடைசி வரியில் அல்ல, முதல் வரியிலேயே.

வரிசை மாறுவது ஒன்று. 'சிமெண்டுக்கும் மணலுக்கும்' என்று கேள்வி சொன்னால் சிமெண்டுதான் முதலில். 1 : 6 என்பதும் 6 : 1 என்பதும் ஒன்றல்ல. பின்னதில் மணலை விட சிமெண்டு ஆறு மடங்கு.

அலகு இன்னொன்று. 250 கிராம் 15 ரூபாய், 2 கிலோ எவ்வளவு? இதை அப்படியே 250 : 2 என்று எழுதினால் விடை 12 காசு வரும். இரண்டு கிலோ சரக்கு 12 காசா என்று யோசிக்காமல் அதற்குக் கீழே இரண்டு கோடும் போட்டுவிடுவார்கள். 2 கிலோவை 2000 கிராம் ஆக்கிய பிறகு பாருங்கள். 250 எட்டு மடங்கானால் 2000, ஆகவே 15 எட்டு மடங்காகி 120 ரூபாய். விகிதத்துக்கு அலகு கிடையாது, ஆனால் விகிதத்தின் இரு பக்கமும் ஒரே அலகில் நிற்க வேண்டும்.

மூன்றாவது பிழை பெரியவர்களையும் விடுவதில்லை. பகுதிக்கும் பகுதிக்கும் உள்ள விகிதத்தை, பகுதிக்கும் முழுமைக்கும் உள்ளதாக எடுத்துக்கொள்வது. செங்கல் கட்டும் கலவைக்கு ஒரு சட்டி சிமெண்டுக்கு ஆறு சட்டி மணல் என்றால், கலவையில் சிமெண்டு ஆறில் ஒரு பங்கு இல்லை, ஏழில் ஒரு பங்கு. 1 + 6 = 7 சட்டி கொட்டியிருக்கிறோம். விகிதத்தைப் பார்த்தவுடன் மொத்தப் பங்கு எத்தனை என்று ஓரத்தில் எழுதிவைக்கும் பழக்கம் இருந்தால் இந்தத் தவறு வராது.

ஒரு தொகையைப் பங்கிடும் கணக்குகளும் இதே இடத்தில்தான் தடுமாறும். 400 ரூபாயை 3 : 5 என்று பிரித்தால் மொத்தம் 8 பங்கு, ஒரு பங்கு 50, ஆகவே 150-ம் 250-ம். ஆனால் கேள்வி '3 : 5 என்று பிரித்ததில் ஒருவருக்கு மற்றவரை விட 400 ரூபாய் அதிகம்' என்று இருந்தால் அந்த 400 எட்டுப் பங்கு அல்ல, 5 − 3 = 2 பங்கு. ஒரு பங்கு 200, தொகைகள் 600-ம் 1000-ம். கொடுத்திருக்கும் எண் எத்தனை பங்குக்கு உரியது என்று முதலில் கண்டுபிடியுங்கள், பிறகு வகுங்கள்.

ஒன்று இரட்டிப்பானால் மற்றது என்ன ஆகும்?

தலைப்பில் சொன்ன கேள்வி இதுதான். பேனாவைக் கையில் எடுப்பதற்கு முன் இதைக் கேட்க வேண்டும். விடை மூன்று விதமாக வரலாம்.

மற்றதும் இரட்டிப்பாகும் என்றால் அது நேர்மாறல். நோட்டுகள் இரட்டிப்பானால் விலையும் இரட்டிப்பு. பாதியாகும் என்றால் எதிர்மாறல். வேலையாட்கள் இரட்டிப்பானால் நாட்கள் பாதி. இரண்டும் இல்லையென்றால் அது விகிதசமக் கணக்கே அல்ல. இந்த மூன்றாவது விடைக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் குறைவு என்பதால் அதையே சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஒரு சட்டை வெயிலில் காய 2 மணி நேரம் ஆகிறது. ஐந்து சட்டை காய எவ்வளவு நேரம்? பத்து மணி நேரம் என்று சொல்லும் பிள்ளை கொடியில் துணி காய்வதைத் தினமும் பார்க்கிற பிள்ளைதான். ஆனால் கணக்கு நோட்டைத் திறந்தவுடன் கொடி மறந்துபோகிறது. ஐந்தையும் ஒன்றாக விரித்துப் போட்டால் அதே 2 மணி நேரம்தான்.

வயதுக் கணக்கும் அப்படியே. மகனுக்கு 10, அப்பாவுக்கு 40. விகிதம் 1 : 4. பத்து வருஷம் கழித்து 20-ம் 50-ம், விகிதம் 2 : 5. இங்கே மாறாமல் இருப்பது வித்தியாசம், 30. மகனுக்கு வயது இரட்டிப்பானதால் அப்பாவுக்கு 80 ஆகிவிடாது. கூட்டல் சிந்தனைக்கும் அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது என்பதைக் காட்ட இதைவிட எளிய உதாரணம் கிடையாது.

இன்னும் நுணுக்கமானது ஆட்டோ கட்டணம். 2013-இல் சென்னைக்கு அரசு நிர்ணயித்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம்: முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அதற்கு மேல் கி.மீ.க்கு 12 ரூபாய். 3.8 கி.மீ. போனால் 25 + 24 = 49 ரூபாய். தூரம் இரட்டித்து 7.6 கி.மீ. ஆனால்? 5.8 × 12 = 69.60, அதோடு 25 சேர்ந்து 94.60. இரட்டிப்பாக இருந்தால் 98 வந்திருக்க வேண்டும். தூரம் கூடக் கூடக் கட்டணம் கூடுகிறது, ஆனால் மடங்கு ஒத்துப்போகவில்லை. 'ஒன்று கூடினால் மற்றதும் கூடும், ஆகவே நேர்மாறல்' என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளை இங்கே ஏமாறும். கூடுவது போதாது, அதே மடங்கு கூட வேண்டும். தொடக்கத்திலேயே ஒரு நிலையான தொகை ஒட்டிக்கொண்டிருந்தால் விகிதசமம் உடைந்துவிடும். வரைபடத்தாளில் குறித்தால் நேர்மாறல் ஆதிப்புள்ளி வழியாகப் போகும் நேர்க்கோடாக வரும். ஆட்டோ கட்டணத்தின் கோடு ஆதிப்புள்ளியைத் தொடாது.

இரண்டு நிரல் போடுங்கள்

கேள்வி இப்படி: 5 நோட்டு 140 ரூபாய், 8 நோட்டு எவ்வளவு?

நோட்டு — ரூபாய்
5 — 140
8 — ?

இடப்பக்க நிரலில் ஒரே வகைப் பொருள், வலப்பக்க நிரலில் ஒரே வகைப் பொருள், தலைப்பில் அலகு. இதைப் போடாமல் நேரே பின்னமாக எழுதும்போதுதான் 5/140 = ?/8 என்று தலைகீழாகப் போகிறது. நிரல் போட்டுவிட்டால் பின்னத்தை எந்தப் பக்கமாக எழுதினாலும் சரி: 5/8 = 140/? என்றும் எழுதலாம், 5/140 = 8/? என்றும் எழுதலாம். இரண்டும் ஒரே விடை தரும்.

மூன்று எண் தெரிந்து நான்காவதைக் காணும் இந்த முறை மிகப் பழையது. கி.பி. 499-இல் ஆரியபட்டர் இதைத் திரைராசிகம் என்ற பெயரில் சூத்திரமாகச் சொன்னார். தெரிந்த அளவு பிரமாணம், அதற்குக் கிடைப்பது பலம், நாம் விரும்பும் அளவு இச்சை. பலத்தை இச்சையால் பெருக்கிப் பிரமாணத்தால் வகு என்பது விதி. நம் கணக்கில் 140 × 8 ÷ 5. கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் முதலாவதும் கடைசியும் ஒரே இனமாக இருக்க வேண்டும் என்று சேர்த்துச் சொன்னார். நிரலுக்கு மேலே தலைப்பு எழுதச் சொல்வது அதே எச்சரிக்கைதான்.

இனி விடை காணும் வழிகள். எந்த வழி என்பதை எண்களைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும், பழக்கத்தால் அல்ல.

ஓரலகு முறை: ஒரு நோட்டு 140 ÷ 5 = 28 ரூபாய், எட்டு நோட்டு 28 × 8 = 224 ரூபாய். வகுத்தால் மீதியில்லாமல் வரும் இடங்களில் இதுவே பாதுகாப்பானது. நடுவில் வரும் 28-க்கு ஒரு பொருள் இருக்கிறது, ஒரு நோட்டின் விலை. அதைப் பார்த்தே விடை நம்பத்தக்கதா என்று தெரிந்துகொள்ளலாம்.

மடங்கு முறை: 6 பேனா 45 ரூபாய், 18 பேனா? ஆறு மூன்று மடங்கானால் பதினெட்டு, ஆகவே 135. இதற்குப் போய் ஒரு பேனா 7.50 என்று கண்டுபிடிப்பது வீண் வேலை.

சேர்த்துக் கட்டும் முறை: அதே பேனா, 10 வேண்டும். 6-க்கு 45. மூன்றால் வகுத்தால் 2-க்கு 15. ஆகவே 4-க்கு 30. 6-ம் 4-ம் சேர்ந்து 10, 45-ம் 30-ம் சேர்ந்து 75. கடைக்குப் போய்ப் பழகிய பிள்ளைகள் யாரும் சொல்லாமலே இப்படித்தான் மனக்கணக்குப் போடுவார்கள். 'புத்தகத்து முறையில் இல்லை' என்று இதை அடித்துவிடாதீர்கள். விகிதசமம் உண்மையிலேயே புரிந்திருக்கிறது என்பதற்கு இதுதான் சான்று.

எண்கள் இந்த மூன்றுக்கும் வளைந்து கொடுக்காதபோது குறுக்குப் பெருக்கல். 7 மீட்டர் துணி 455 ரூபாய், 520 ரூபாய்க்கு எத்தனை மீட்டர்? 7/455 = ?/520. குறுக்கே பெருக்கினால் 455 × ? = 7 × 520 = 3640. ? = 3640 ÷ 455 = 8 மீட்டர்.

குறுக்குப் பெருக்கல் ஏன் சரியாக வருகிறது

அ/ஆ = இ/ஈ என்று இரண்டு பின்னங்கள் சமம். இரண்டுக்கும் பகுதியை, அதாவது கீழே உள்ள எண்ணை, ஒன்றாக்குங்கள். முதல் பின்னத்தை மேலும் கீழும் ஈ-யால் பெருக்கினால் (அ × ஈ)/(ஆ × ஈ). இரண்டாவதை மேலும் கீழும் ஆ-வால் பெருக்கினால் (இ × ஆ)/(ஈ × ஆ). பகுதிகள் இப்போது ஒன்றே. பின்னங்கள் சமம், பகுதிகளும் சமம் என்றால் மேலே உள்ள தொகுதிகளும் சமமாகத்தான் இருக்க வேண்டும்: அ × ஈ = இ × ஆ. அ : ஆ :: இ : ஈ என்று எழுதும்போது வெளியே நிற்கும் இரண்டின் பெருக்கற்பலனும் உள்ளே நிற்கும் இரண்டின் பெருக்கற்பலனும் சமம் என்று படிப்பதும் இதையேதான்.

இந்த ஐந்து வரியை ஒருமுறை கரும்பலகையில் எண்களை வைத்துப் போட்டுக் காட்டுங்கள். 2/3 = 8/12 போதும்: 24/36 = 24/36. காரணம் தெரிந்த பிள்ளை, இரண்டு பின்னங்களுக்கு நடுவே சமக்குறி இருந்தால் மட்டுமே குறுக்கே பெருக்கலாம் என்பதையும் கூடவே தெரிந்துகொள்ளும். காரணம் தெரியாத பிள்ளை 2/3 × 4/5 என்ற சாதாரணப் பெருக்கலிலும் குறுக்கே பெருக்கி 10/12 என்று எழுதும். விடை 8/15.

எதிர்மாறல்: வகுக்காதே, பெருக்கு

12 பேர் ஒரு வேலையை 10 நாளில் முடிக்கிறார்கள். 15 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்?

ஆள் — நாள்
12 — 10
15 — ?

நேர்மாறல் போலவே 12/15 = 10/? என்று போட்டால் 12½ நாள் வரும். ஆள் கூடியிருக்கிறது, நாளும் கூடுமா? இந்த இடத்தில் நிறுத்திக் கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பிழை போய்விடும்.

எதிர்மாறலில் மாறாமல் நிற்பது பெருக்கற்பலன். 12 × 10 = 120, அதாவது ஒரே ஆள் தனியாகச் செய்தால் ஆகும் நாட்கள். வேலையின் மொத்த அளவு அது. பதினைந்து பேர் அதைப் பகிர்ந்தால் 120 ÷ 15 = 8 நாள். சரிபார்க்க 15 × 8 = 120. பின்னத்தைத் தலைகீழாக்கிக் குறுக்கே பெருக்கும் வழியும் உண்டு, ஆனால் எதைத் தலைகீழாக்குவது என்பதில் குழப்பம் வரும். வரிசை வரிசையாகப் பெருக்கிச் சமப்படுத்தினால் (12 × 10 = 15 × ?) குழப்பத்துக்கே இடமில்லை. எல்லோரும் ஒரே வேகத்தில் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொண்டே இந்தக் கணக்கு நிற்கிறது. அதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

மூன்று அளவுகள் சேர்ந்து வரும் கூட்டு மாறலையும் பெரும்பாலும் இதே போலப் பெருக்கி முடிக்கலாம். 6 பேர் தினம் 8 மணி நேரம் வேலை செய்து 10 நாளில் முடித்ததை, 5 பேர் தினம் 6 மணி நேரம் செய்தால்? மொத்த வேலை 6 × 8 × 10 = 480. ஒரு நாளில் ஆகும் வேலை 5 × 6 = 30. ஆகவே 16 நாள்.

மரத்தின் உயரத்தை அளந்து பாருங்கள்

வகுப்புக்கு வெளியே அரை மணி நேரம் கிடைத்தால் இதைச் செய்யலாம். ஒரு மீட்டர் குச்சி, ஓர் அளவு நாடா, நல்ல வெயில். குச்சியைத் தரையில் செங்குத்தாக நிறுத்தி நிழலை அளக்க வேண்டும். 80 செ.மீ. என்று வைப்போம். உடனே பள்ளி வேப்பமரத்தின் நிழலை அடிமரத்திலிருந்து உச்சியின் நிழல் வரை அளக்க வேண்டும். 6 மீட்டர். முதலில் அலகை ஒன்றாக்கி 0.8 மீட்டர் என்று எழுதுங்கள். உயரம் நிழலைப் போல் 1 ÷ 0.8 = 1.25 மடங்கு. மரத்துக்கு 6 × 1.25 = 7.5 மீட்டர்.

விடை ஏறுமாறாக வந்தால் காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும். குச்சி சாய்ந்திருந்தது. தரை சரிவாக இருந்தது. குச்சியின் நிழலை அளந்து கால் மணி நேரம் கழித்து மரத்தின் நிழலை அளந்தார்கள், அதற்குள் சூரியன் நகர்ந்துவிட்டது. அல்லது நிழலின் முனை என்று நினைத்தது உச்சியின் நிழல் அல்ல, பக்கக் கிளையின் நிழல். குச்சி நூலுக்கு நேராக நிற்கிறதா என்று பார்க்க, ஒரு கல்லை நூலில் கட்டிப் பக்கத்தில் தொங்கவிட்டால் போதும். நண்பகலில் நிழல் மிகக் குட்டையாக இருக்கும், அளவில் வரும் சிறு பிழைகூட விடையில் பெரிதாகத் தெரியும். காலை ஒன்பது மணிவாக்கில் செய்யுங்கள்.

போட்டுப் பார்க்க நான்கு கணக்கு

22 காரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம். 8 கிராம் எடையுள்ள ஒரு பவுன் நகையில் சுத்தத் தங்கம் எவ்வளவு? 22/24 = ?/8, விடை ஏறத்தாழ 7.33 கிராம். 22 : 2 என்று எழுதியவர்கள் தங்கத்தையும் மற்ற உலோகத்தையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். அதுவும் சரியான விகிதம்தான், ஆனால் இந்தக் கேள்விக்கு உரியதல்ல.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 6 மணி நேரம் ஆகும் பயணம், 80 கி.மீ. வேகத்தில்? எதிர்மாறல். 360 ÷ 80 = 4½ மணி நேரம். 8 மணி நேரம் வந்தவர்கள் நேர்மாறலாகப் போட்டுவிட்டார்கள்.

1 : 50,000 அளவுள்ள நிலப்படத்தில் ஓர் ஏரி 3 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம் உள்ள செவ்வகமாகத் தெரிகிறது. உண்மையான பரப்பு? படத்தில் 1 செ.மீ. என்பது 50,000 செ.மீ., அதாவது அரை கி.மீ. ஏரி 1.5 கி.மீ. × 1 கி.மீ., பரப்பு 1.5 சதுர கி.மீ. படத்தில் உள்ள 6 சதுர செ.மீ.யை அரையால் பெருக்கி 3 என்று எழுதுவது இங்கே வழக்கமான பிழை. நீளம் ஒரு தரம் மாறுகிறது, அகலம் ஒரு தரம் மாறுகிறது, பரப்பில் அந்த மாற்றம் இரண்டு தரம் வருகிறது.

ஒரு விடுதியில் 40 பேருக்கு 30 நாளுக்கு அரிசி இருக்கிறது. 10 நாள் கழித்து 10 பேர் புதிதாகச் சேர்ந்தால், மீதி அரிசி எத்தனை நாள் வரும்? 40 × 30 என்று தொடங்காதீர்கள். பத்து நாள் அரிசி ஏற்கெனவே செலவாகிவிட்டது. மிச்சம் இருப்பது 40 பேருக்கு 20 நாளுக்கான அரிசி: 40 × 20 = 800. இப்போது 50 பேர், ஆகவே 16 நாள். முப்பதை எடுத்தவர்களுக்கு 24 வரும். ஆட்கள் சேராமலே இருந்தாலும் மீதி அரிசி 20 நாளுக்குத்தான் வரும் என்பதை வைத்து 24 தவறு என்று அவர்களே கண்டுபிடித்துக்கொள்ளலாம்.